போகப்போகிறவர்களின் வாக்கு



சென்ற இதழில் நம் பகுதி ஏரியின் கதையை எழுதியிருந்தேன். லிஃப்டிலும் வாட்ஸ்அப்பிலும் பலர் நல்ல வார்த்தை சொன்னீர்கள். நன்றி. இந்த முறை கொஞ்சம் தூரம் போகிறேன், அமெரிக்கா வரைக்கும். ஆனால் கிளம்புகிற இடம் நம் கிளப் ஹவுஸ்தான்.

சென்ற செப்டம்பர் பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் லாரிச் செலவு பற்றிப் பேச்சு வந்தபோது, சி பிளாக்கில் வாடகைக்கு இருந்த ஓர் இளைஞர் எழுந்தார். கையில் ஒரு தாள். "சார், நான் மூணு மாசமா லாரி எண்ணிக்கையை எழுதி வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. நான்தான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, நீங்க ரெண்டு வருஷத்துல காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க. லோன் போட்டு வாங்கினது நாங்க. இங்கேயே கிடக்கப் போறதும் நாங்கதான்" என்றேன். சிலர் கை தட்டினார்கள். அவர் "சரிங்க சார்" என்று சொல்லி, தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஏதோ பொருத்தமாகப் பேசிவிட்டதாக அன்று நினைத்தேன். நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தல் முடிவு வந்தது. இளைஞர்கள் திரண்டு வந்து முடிவை மாற்றினார்கள் என்று செய்தி. இது எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனேன். போன இடத்தில் என் வாக்கியம் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தது. அமெரிக்க நகரங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வாக்கியம் அது.

நம் இதழில் கட்சி அரசியல் கூடாது என்பது விதி. கவலை வேண்டாம், இங்கே வருகிற கட்சிகளுக்கு நம் வார்டில் கிளை கிடையாது.

நூறு நாளில் வந்த திருத்தம்

அமெரிக்காவில் 1971 வரை பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆனால்தான் வாக்கு. ஆனால் ராணுவத்துக்கு ஆள் எடுக்க 18 வயது போதும். வியட்நாம் போர் நடந்த காலம். சாக அனுப்பும் வயதில் வாக்களிக்க விடமாட்டீர்களா என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் நல்ல பதில் இல்லை. 1970இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் வயதைக் குறைத்தது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் தேசியத் தேர்தல்களுக்கு மட்டும்தான் செல்லும், மாநில, நகரத் தேர்தல்களுக்குச் செல்லாது என்றது.

இதன் விளைவை ஒரு குமாஸ்தாவாக என்னால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. ஒரே சாவடியில் இரண்டு வாக்காளர் பட்டியல், இரண்டு விதமான சீட்டு, இரட்டைச் செலவு. மாநிலங்கள் பயந்து போயின. 1971 மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. ஜூலை 1க்குள் தேவையான மாநிலங்கள் ஒப்புதல் தந்துவிட்டன. சரியாக நூறு நாள். அந்த நாட்டின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக வேறு எந்தத் திருத்தமும் வந்ததில்லை. போராட்டம் கேள்வியை எழுப்பியது, இரட்டைப் பேரேடு பற்றிய பயம் வேலையை முடித்தது.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட புதிய வாக்காளர்கள். 1972 அதிபர் தேர்தலில் இவர்கள் நாட்டையே புரட்டிப்போடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. போரை நிறுத்துவேன் என்ற மெக்கவர்ன் ஒரே ஒரு மாநிலத்தில்தான் வென்றார். மற்ற 49 மாநிலங்களும் நிக்சனுக்குப் போயின.

அப்படியானால் இளைஞர் வாக்கு வீணா? இல்லை. நாடு முழுவதும் தூவினால் கண்ணுக்குத் தெரியாத வாக்கு, ஒரு வார்டில் குவிந்தால் கவுன்சிலரையே மாற்றிவிடும். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்களில் அதுதான் நடந்தது.

மாணவர் ஊர்கள்

விஸ்கான்சின் மாநிலத்துத் தலைநகரம் மாடிசன். பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். பால் சோக்லின் என்ற மாணவர் போர் எதிர்ப்புப் போராட்டங்களில் முன்னால் நின்றவர், கைதும் ஆனவர். 1968இல் மாணவர்கள் வாழும் வார்டிலிருந்து நகர மன்றத்துக்குப் போனார். 1973இல், அதுவரை மேயராக இருந்தவரைத் தோற்கடித்து, 27 வயதில் மேயரானார். ஊர் கவிழ்ந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. ஊர் கவிழவில்லை. நகரின் நடுவே ஓடும் ஸ்டேட் தெருவிலிருந்து தனியார் கார்களை விலக்கி, நடப்பவர்களுக்கும் பேருந்துக்கும் ஒதுக்கும் பணி அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. பின்னாளில் அதே ஊர் அவரை இன்னும் இரண்டு காலகட்டங்களில் மேயராக்கியது. கடைசியாகப் பதவி விட்டு இறங்கியது 2019இல்.

மிச்சிகனில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். அங்கே 1972இல் இளையோர் ஆதரவில் ஒரு சிறு புதிய கட்சி நகர மன்றத்தில் இரண்டு இடங்களைப் பிடித்தது. அந்த ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1977 மேயர் தேர்தலில் முடிவு ஒரே ஒரு வாக்கில் நின்றது. பிறகு பார்த்தால், வாக்களித்தவர்களில் 20 பேரின் வீடுகள் நகர எல்லைக்குள் இல்லை. நகரம் சுற்றி வளைத்த சிறு சிறு கிராமத் துண்டுகளில் இருந்தன. பட்டியலில் பெயர் இருந்தது, அவர்களும் நம்பி வாக்களித்துவிட்டார்கள். வழக்கு வந்தது. யாருக்குப் போட்டீர்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. 21 வயது மாணவி ஒருவர், என் வாக்கு ரகசியம், சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்தில் போட்ட வாக்கை வெளியே சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 1978இல் மறுபடி தேர்தல் நடத்தினார்கள்.

அந்த மாணவியின் வாக்கு எந்தப் பக்கம் போயிருந்தால் என்ன? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

இந்த ஊர்களிலெல்லாம் பழைய குடிகள் சொன்ன ஆட்சேபம் ஒன்றுதான். இவர்கள் நான்கு வருடம் படித்துவிட்டுப் போய்விடுவார்கள், வீட்டு வரி கட்டுவது நாம், வரியை ஏற்றிவைத்துவிட்டு இவர்கள் ரயில் ஏறிவிடுவார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் வாலர் என்ற மாவட்டம். அங்கே கறுப்பின மாணவர்கள் படிக்கும் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வந்த மாணவர்களிடம் அதிகாரி ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். இங்கே உங்களுக்குச் சொத்து உண்டா, படிப்பு முடிந்ததும் இங்கேயே இருப்பீர்களா என்கிற ரகக் கேள்விகள். வீட்டுக்காரர்களிடம் கேட்காத கேள்விகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979இல் மாணவர் பக்கம் தீர்ப்பு உறுதியானது. இன்று இங்கே வாழ்கிறாரா என்பதுதான் கேள்வி, நாளை போய்விடுவாரா என்பது கேள்வி இல்லை.

இதைப் படித்தபோது கிளப் ஹவுஸ் கைதட்டல் காதில் கேட்டது.

பத்து வாக்கு

இனி பர்லிங்டன். கனடா எல்லைக்குப் பக்கத்தில், வெர்மான்ட் மாநிலத்தில், ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கிறது. 1980இல் மக்கள்தொகை 38,000க்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்க் கணக்கில் ஒரு வார்டு. அங்கே ஒரு பல்கலைக்கழகம், பழைய தொழிலாளர் குடியிருப்புகள், ஏராளமான வாடகை வீடுகள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெரிய நகரங்களைவிட்டு வெர்மான்டுக்குக் குடிவந்த இளைஞர்கள் வேறு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பெர்னி சாண்டர்ஸ். நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். எழுபதுகளில் ஒரு சிறிய கட்சியின் சார்பில் மாநில அளவில் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றவர். மாநிலத்தை விடு, நகரத்தில் நின்று பார் என்று பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்.

எதிரே இருந்தவர் கார்டன் பக்கெட். ஐந்து முறை மேயர். அவருக்குப் பலமான போட்டியே இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். அவரோ வீட்டு வரியை உயர்த்தப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாண்டர்ஸ் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டார். ஏழை வீட்டுக்காரனுக்கு வரிச்சுமை ஏற்றாதே. ஏரிக்கரையைப் பணக்காரர்களின் அடுக்குமாடிக்கும் ஓட்டலுக்கும் கொடுக்காதே.

கவனித்தீர்களா? வீட்டு வரி என்பது வாடகைக்கு இருக்கும் மாணவரின் பிரச்சினையே இல்லை. அது பழைய ஊர்க்காரரின் பிரச்சினை. ஏரிக்கரை இருவருக்கும் பொது. இளைஞர், வாடகைவாசி, ஏழைத் தொழிலாளர் பகுதிகள் எல்லாம் ஒரே பட்டியலில் சேர்ந்தன. ஊர்க் காவலர்களின் சங்கம்கூட அவரை ஆதரித்தது.

1981 மார்ச் 3. எண்ணி முடித்தபோது 14 வாக்கு வித்தியாசம். மறு எண்ணிக்கை கேட்டார்கள். முடிவில் சாண்டர்ஸ் 4,330, பக்கெட் 4,320. பத்தே பத்து வாக்கு.

நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால் வீட்டுக்குப் போக முடியாது. பத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். பர்லிங்டனில் அந்தப் பத்துப் பேர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரோ ஒரு மாணவரின் அறையில் இருந்த நான்கு பேராக இருக்கலாம். தெருமுனையில் இருந்த ஒரு குடும்பமாக இருக்கலாம். மழை என்று வீட்டிலேயே இருந்துவிட்ட பதினோரு பக்கெட் ஆதரவாளர்களாகவும் இருக்கலாம்.

நிலம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு

வென்றது பெரிதல்ல, பிறகு நடந்ததுதான் பெரிது. நகர மன்றத்தில் 13 பேர். அவர்களில் மேயரின் ஆட்கள் இருவர் மட்டும். அவர் நியமிக்க நினைத்த அதிகாரிகளை மன்றம் ஏற்க மறுத்தது. முந்தைய மேயரின் ஆட்களை வைத்துக்கொண்டே அவர் ஒரு வருடம் ஓட்ட வேண்டியிருந்தது. 1982 தேர்தலில் ஆதரவாளர்கள் ஐந்து பேர் ஆனார்கள். பெரும்பான்மை இல்லை. ஆனால் மேயர் ஒரு தீர்மானத்தைத் தடுத்தால் அந்தத் தடை நிற்கும். அங்கிருந்துதான் ஆட்சி தொடங்கியது.

அடுத்து வந்தது கணக்கு வழக்கு. புதிய நிதி அதிகாரி பேரேடுகளைப் புரட்டியபோது, யாரும் கவனிக்காத சுமார் 19 லட்சம் டாலர் உபரி கிடைத்தது. நகரத்தின் காப்பீட்டை வழக்கமான ஆட்களுக்கே கொடுத்துவந்ததை நிறுத்திப் போட்டி டெண்டர் விட்டார்கள். செலவு குறைந்தது. தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட மேயர், கஞ்சத்தனமான மளிகைக்கடைக்காரர் போலக் கணக்குப் பார்த்தார். அதனால்தான் எதிர்த்தவர்களும் மெல்ல நம்ப ஆரம்பித்தார்கள். 1983, 1985, 1987 என்று மூன்று முறை மறுபடி வென்றார்.

எல்லாமே ஜெயித்ததா என்றால் இல்லை. 1981இல் வாடகைதாரர் தரப்பு கொண்டுவந்த, வாடகைப் பிரச்சினைகளை விசாரிக்கும் ஆணையத் திட்டம் மக்கள் வாக்கெடுப்பில் படுதோல்வி அடைந்தது. 1985இல் ஏரிக்கரைக்கு மேயரே ஆதரித்த ஒரு திட்டம், தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் விழுந்தது. போதாது, இன்னும் அதிக இடம் பொதுவுக்கு வேண்டும் என்று சொன்னவர்களும் அதைத் தோற்கடித்தவர்களில் உண்டு. இன்று அந்தக் கரையில் பொதுப் பூங்காவும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 1984இல் அவர்கள் தொடங்கிய நில அறக்கட்டளை. நகராட்சி 2 லட்சம் டாலர் விதைப்பணம் கொடுத்தது. அது இயங்கும் முறை நமக்குச் சுலபமாகப் புரியும். நம் ஒவ்வொருவர் பத்திரத்திலும் யூ.டி.எஸ். என்று ஒரு நிலப்பங்கு இருக்கிறதல்லவா? அந்த நிலத்தைத் தனியே எடுத்து ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுங்கள். வீடு மட்டும் உங்களுடையது. நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை. நிலத்தின் விலை சேராததால் வீடு மலிவாகக் கிடைக்கும். விற்கும்போது மட்டும் ஒரு நிபந்தனை. விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தில் கால் பங்குதான் உங்களுக்கு. மிச்சம் வீட்டிலேயே தங்கிவிடும்.

கணக்காகச் சொல்கிறேன். நீங்கள் 30 லட்சத்துக்கு வாங்கிய வீடு 50 லட்சம் பெறுமானம் ஆகிறது. ஏற்றம் 20 லட்சம். உங்களுக்கு 30 லட்சமும் ஏற்றத்தில் 5 லட்சமும் கிடைக்கும். அடுத்து வருபவர் 35 லட்சத்துக்கு வாங்குவார், 50 கொடுக்க வேண்டியதில்லை. முதலில் வாங்கியவருக்கு நஷ்டமில்லை, பின்னால் வருபவருக்கும் கதவு திறந்திருக்கும். கடன் கொடுக்கும் வங்கிக்கும் கணக்கு இடிக்காது. நான் இதை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

அந்த அறக்கட்டளை 2006இல் இன்னொரு வீட்டு நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்தது. 2008இல் உலக வாழிட விருது பெற்றது. வாடகை வீடுகளும் சொந்த வீடுகளுமாக இன்று அதன் கையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சாண்டர்ஸ் 1989இல் மேயர் பதவியைவிட்டுப் போய்விட்டார். 1981இல் அவருக்கு வாக்களித்த மாணவர்கள் அதற்கு முன்பே பட்டம் வாங்கி எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களுக்கு இப்போது என் வயது. அந்த வீடுகளில் யார் யாரோ குடியிருக்கிறார்கள். போகப்போகிறவர்கள் போட்ட வாக்கு அங்கேயே இருக்கிறது.

நியூயார்க்

இந்தப் பின்னணியோடு பார்த்தால் சென்ற ஆண்டு நியூயார்க்கில் நடந்தது திடீர் அதிசயமாகத் தெரியாது.

அந்த நகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் வாடகை வீட்டில் வாழ்கின்றன. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வேலைக்கு வந்த தலைமுறை, கல்விக் கடனோடு வந்தது. 2011 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு சிறு பூங்காவில் கூடாரம் அடித்தவர்களைப் போலீசார் இரண்டு மாதத்தில் காலி செய்துவிட்டனர். அதோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2018இல் 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், பல முறை வென்ற ஒரு மூத்த நாடாளுமன்ற உறுப்பினரைக் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்கடித்தார். 2019இல் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை மாநிலம் கடுமையாக்கியது. படிப்படியாகத்தான் வந்தார்கள்.

ஜோரான் மம்தானி உகாண்டாவின் கம்பாலாவில் 1991இல் பிறந்தவர். தாய், திரைப்பட இயக்குநர் மீரா நாயர். தந்தை, பேராசிரியர் மஹ்மூத் மம்தானி. மகனும் வாடகை வீட்டில் இருந்தவர்தான். சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட வாடகை என்ற முறை அங்கே 1969 முதல் உண்டு. மேயர் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட வாரியம் ஆண்டுதோறும் உயர்வை முடிவு செய்யும். அந்த வாடகையை உயர்த்த விடமாட்டேன், பேருந்தில் இலவசப் பயணம், எல்லோருக்கும் குழந்தைக் காப்பகம் என்று அவர் சொன்னார். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லாத ஊரில் இருக்கும் நமக்கு இது விநோதமாகப் படாது. அங்கே அது புரட்சி.

ஜூனில் கட்சியின் உள்தேர்தலில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை வென்றார். நவம்பர் 4 பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற அதே குவோமோவை மறுபடி வென்றார். 2021 தேர்தலில் சுமார் பதினொன்றரை லட்சம் பேர் வாக்களித்த ஊரில் இந்த முறை இருபது லட்சத்தைத் தாண்டியது. 1969க்குப் பிறகு மேயர் தேர்தலில் அவ்வளவு பேர் வந்ததே இல்லை. வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளின்படி முப்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அவருக்குப் போட்டிருந்தார்கள். 34 வயதில் 2026 ஜனவரி 1 அன்று பதவியேற்றார்.

ஒரு பழைய குமாஸ்தாவாக எனக்குச் சந்தேகங்கள் உண்டு. வாடகையை நிறுத்திவைக்க மேயர் நியமிக்கும் வாரியத்தால் முடியும், முன்பும் சில ஆண்டுகள் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் குழாய் உடைந்தால் பழுது பார்ப்பது வீட்டுக்காரர். சின்ன வீட்டுக்காரருக்குச் செலவு ஏறி வரவு நின்றால் கட்டடம் பாழாகும். பேருந்தும் வருமான வரியும் மேயர் கையில் இல்லை, மாநில அரசின் கையில். வாக்குறுதிக்கும் வரவு செலவுக்கும் நடுவில் நிறையப் படிக்கட்டு. பர்லிங்டன் மேயர் முதலில் பேரேட்டைத் திறந்தார். இவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளைஞர் என்றாலே ஒரே பக்கம் சாய்வார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 அதிபர் தேர்தலில் இளம் ஆண்களில் கணிசமானோர் எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். வயது ஒருவரை முற்போக்கு ஆக்குவதில்லை. வாடகை, பேருந்து, ஏரிக்கரை என்று அன்றாடம் இடிக்கும் விஷயத்தை யார் எடுத்துப் பேசுகிறார்களோ, அவர்கள் பக்கம் போகிறார்கள். நகரத்தில் அந்த விஷயங்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கே முதலில் தெரிகிறது.

நம் வளாகம்

நான் 1958இல் பிறந்தவன். 21 வயது ஆன பிறகு, 1980 ஜனவரியில்தான் முதல் வாக்குப் போட்டேன். நம் நாட்டில் 1989இல்தான், 61ஆவது திருத்தத்தின் மூலம், வயது 18 ஆனது. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவுக்கு முந்திக்கொண்டோம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவரை அந்தத் தொகுதியில் வாழ்பவராகக் கருத முடியாது என்று அது சொல்கிறது. அதாவது நம் சி பிளாக் வீட்டின் உரிமையாளர் கோவையில் குடியிருந்தால் அவருக்கு இங்கே வாக்கில்லை. அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த இளைஞருக்கு உண்டு. வாலர் மாவட்டத்தில் 1979 வரை இழுத்த வழக்குக்கு நம் சட்டத்தில் 1950லேயே விடை இருக்கிறது. அதை அறியாமல் நான் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்.

இனி அந்தத் தாளின் கதை. மேஜையில் கிடந்ததை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு மாதம் எடுத்துப் பார்க்கவில்லை. பர்லிங்டன் பேரேட்டைப் பற்றிப் படித்த இரவுதான் பிரித்தேன். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், பால்கனியிலிருந்து ஒவ்வொரு லாரியையும் தேதி, நேரத்தோடு குறித்திருந்தார். மூன்று மாதத்தில் 197 லோடு. பொருளாளரிடம் ரசீதுகளை வாங்கிக் கூட்டினேன். 214 வந்தது. அவர் தூங்கும்போது வந்தவை இருக்கலாமே என்று காவலர் அறைப் பதிவேட்டையும் பார்த்தேன். அதில் 199. பதினைந்து லோடு டேலி ஆகவில்லை. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ரசீதைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் பணம் கொடுத்தது நாம்தான். செயற்குழுவில் இருந்த நானும்தான். இப்போது ஒவ்வொரு லோடுக்கும் காவலர் கையெழுத்தும் மீட்டர் படமும் இல்லாமல் பணம் போவதில்லை. சென்ற காலாண்டுக் கணக்கில் தண்ணீர்ச் செலவு ஏன் இறங்கியது என்று கேட்டீர்களே, இதுதான் காரணம்.

அவரிடம் சொல்லலாம் என்று ஜனவரியில் சி பிளாக்குக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பொங்கலுக்கு முன்பே காலி செய்துவிட்டாராம். நான் சொன்னபடியே போய்விட்டார்.

நம் 112 வீடுகளில் 47 இப்போது வாடகையில். சட்டப்படி சங்க உறுப்பினர் உரிமையாளர்தான். அதை மாற்றச் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பொதுக்குழுவில் வந்து உட்காரலாம், தண்ணீர், லிஃப்ட், குப்பை, பாதுகாப்பு பற்றிப் பேசலாம், பேசியது குறிப்பேட்டில் பதிவாகும் என்று ஒரு தீர்மானத்தை ஏப்ரல் கூட்டத்தில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

அதோடு இன்னொரு வேண்டுகோள். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்குப்பதிவு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் இருந்த ஊர் இது. 18 வயது ஆகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் படிவம் 6, வேறு தொகுதியிலிருந்து வந்தவர்களானால் படிவம் 8. ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் இருக்கின்றன, 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கிளப் ஹவுஸில் இருப்பேன். படிவம் நிரப்புவது எனக்குப் பழக்கமான வேலை. யாருக்கு வாக்கு என்று கேட்க மாட்டேன், அது ரகசியம்.

சி பிளாக் தம்பியின் புதிய முகவரி யாருக்காவது தெரிந்தால் இந்த இதழை அவருக்கு அனுப்புங்கள். அவர் கணக்கு சரியாக இருந்தது என்றும் சொல்லுங்கள்.